நாலு சென்ட் குண்டு

வெர்லின் டெக்ளூ தன் அறுபத்தோரு வருட வாழ்க்கையில் எந்தப் பொருளுக்கும் காசு செலவழித்ததாக ஒப்புக்கொண்டதில்லை. எல்லாமே மிச்சம் பிடித்ததுதான். கடையில் தேன் வாங்குவது தண்டம் என்று ஒரு வருடம் தேனீப் பெட்டி நான்கு வாங்கினான். அந்தக் குளிர்காலத்தில் தேனீக்கள் கூண்டோடு செத்துப்போயின. கிடைத்தது மூன்று பாட்டில். பாட்டிலுக்கு இருநூறு டாலர் அடக்கமாகிறது என்று அவன் மனைவி நோரீன் சொன்னபோது, "சுத்தமான தேனு, அதப் பாரு" என்றான். அடுத்த வருடம் டீசல் வாங்குவது தண்டமாகிவிட்டது. உணவகங்களில் மீன் வறுத்த எண்ணெயை வாங்கி, வடிகட்டி, வண்டிக்கு ஊற்றினான். வண்டி ஒரு மாதம் ஊர் முழுக்க வறுவல் வாசனையைப் பரப்பிவிட்டு, தேவாலய வாசலில் எஞ்சின் அடைத்து நின்றது.

மிசூரியில் அவர்கள் இருந்த மாவட்டத்துக்கு ஈயம்தான் அடையாளம். நூறு வருடம் பூமியைக் குடைந்து ஈயம் எடுத்த ஊர்கள். எடுத்தபின் கொட்டிய கழிவு இன்றும் ஊருக்கு ஊர் சாம்பல் நிறக் குன்றாக நிற்கிறது. வெர்லினின் தாத்தா சுரங்கத்தில் பாறை அள்ளினார். அப்பா துளை போட்டார். வெர்லினுக்குப் பன்னிரண்டு வயதானபோது கடைசிச் சுரங்கமும் மூடிவிட்டது. அவன் மாவட்டச் சாலைத் துறையில் சேர்ந்து, முப்பத்தொரு வருடம் சாலையோரப் புல் வெட்டும் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவன். சுரங்கத்துக்குள் அவன் இறங்கியது ஒரே ஒரு தடவை, அதுவும் டிக்கெட் வாங்கிக்கொண்டு, சுற்றுலாப் படகில் உட்கார்ந்து. இருந்தாலும் யாராவது ஈயம் என்று வாயெடுத்தால் போதும், "எங்க ரத்தத்துலயே ஓடுது அது" என்பான். ரத்தத்தில் ஈயம் ஓடினால் புத்தி மந்தப்படும் என்று நர்ஸ்கள் ஊர் ஊராகப் பரிசோதித்த மாவட்டம் அது. அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

கடைகளில் தோட்டாவே கிடைக்காமல் போன அந்தக் கோடையில் விஷயம் ஆரம்பித்தது. பதினெட்டு டாலருக்கு விற்ற ஐம்பது தோட்டாப் பெட்டி முப்பத்தைந்துக்கு ஏறியது. அதுவும் ஆளுக்கு ஒன்றுதான். வெர்லின் மாதத்துக்கு நூறு தோட்டா சுடுகிறவன். மானையா சுட்டான், மாட்டையா சுட்டான். சுடும் சங்கத்து மைதானத்தில் காகிதத் தட்டைச் சுட்டான். அதுவும் பாதிதான் தட்டில் படும்.

அந்தச் சங்கத்தில் ஹோமர் ஆபஷான் என்று ஒருவன். முப்பது வருடமாகத் தன் குண்டைத் தானே வார்க்கிறவன், வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவன். அவனிடம் வெர்லின் விலைவாசியைப் பற்றி அழுதபோது, "குண்டு ஒண்ணு நாலு சென்ட்" என்று மட்டும் சொன்னான். முப்பது வருடத்துக்கு முன் வாங்கிய உலை, மாமனார் விட்டுப்போன அச்சுகள், பல் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையை இடித்தபோது வந்த ஈயத்தகடு, இவையெல்லாம் அந்த நாலு சென்டுக்குள் வரவில்லை. வெர்லின் கேட்கவும் இல்லை. நாலு சென்ட் என்பது மட்டும் காதில் விழுந்தது. மீதி எல்லாவற்றையும் அவனே சொல்லிக்கொண்டான்.

"என்கிட்ட ஏற்கெனவே தோட்டா அடைக்கிற பிரஸ் இருக்கு. சுட்டுப்போட்ட பித்தளைக் கூடு மூவாயிரம் இருக்கு. வெடிமருந்து இருக்கு. முன்னாடி வைக்கிற ஈயக் குண்டு மட்டும்தான் பாக்கி. அத நானே வார்த்துட்டா வேற செலவு ஏது?" என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நோரீனிடம் விளக்கினான்.

"தேனீ கூட இப்படித்தான் வந்துச்சு" என்றாள் நோரீன், கையால் வாயை மறைத்தபடி.

அந்த வசந்தத்திலிருந்து அவள் அப்படித்தான் பேசினாள். மேல்வரிசை முன்பல் ஒன்று போன இடத்தில் பல வருடத்துக்கு முன் கட்டியிருந்த பல், தாங்கி நின்ற பக்கத்துப் பல்லையும் உடைத்துக்கொண்டு விழுந்துவிட்டது. புதிதாகக் கட்ட ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலர். பாதியை முன்பணமாகக் கட்டினால்தான் டாக்டர் அளவெடுப்பார். நோரீன் ஒரு முதியோர் இல்லத்தில் பதினாறு வருடமாகச் சமையல்கட்டில் வேலை பார்த்தவள். அக்டோபரில் முன்வாசல் மேசைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை, மணிக்கு மூன்று டாலர் கூடுதல், கொப்பரை தூக்க வேண்டாம். மேலாளர் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "முன்னாடி உக்காரறவங்க வர்றவங்களப் பாத்து சிரிக்கணும், நோரீன். பல்ல அதுக்குள்ள பாத்துக்கிறியா?" பாத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டு, நோரீன் ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்து, கூட்டுறவு வங்கியில் ஆயிரத்து இருபது டாலர் சேர்த்திருந்தாள். கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவள் செய்த ஒரே பெரிய தப்பு அதுதான்.

உலை தொண்ணூற்றைந்து டாலர். அதை மட்டும்தான் வாங்குவதாக இருந்தான். உலை வந்தபிறகுதான் அச்சு தனி என்று தெரிந்தது. அச்சு வந்தபிறகு அதைப் பிடிக்கும் பிடி தனி என்று தெரிந்தது. கோடாரியை ஒருத்தன் விற்கிறான், காம்பை இன்னொருத்தன் விற்கிறான் என்பது போல. பிடியும் வந்தது. வார்த்த குண்டைச் சரியான பருமனுக்கு நெருக்கும் வளையம், அதில் தடவும் மெழுகு, கட்டி வார்க்கும் தட்டு, கரண்டி, முகமூடி, கையுறை, காற்றாடி என்று வாசலில் தினமும் ஒரு பெட்டி இறங்கியது. முதல் அச்சு அவன் துப்பாக்கிக் குழலுக்கு ஒரு நூலிழை சின்னது. குழலை அளந்து பார்த்துவிட்டு வாங்கு என்று ஹோமர் சொல்லியிருந்தான். வெர்லின் அளக்கவில்லை, துப்பாக்கியின் பெயரைப் பார்த்து வாங்கினான். இன்னொரு அச்சு வந்தது. ஈயம் எவ்வளவு கெட்டி என்று பார்க்கும் கருவி எழுபத்தைந்து டாலர். உருகிய ஈயத்தின் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் நாற்பத்தைந்து. அது கடைசிவரை அட்டையை விட்டு வெளியே வரவில்லை. "சூடு கண்ணுக்கே தெரியும்" என்றான்.

பெட்டிகள் வருவதை நோரீன் பார்த்தாள். அவன் ஓய்வூதியத்தில் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஈயம் வாங்கியதுதான் எல்லாவற்றிலும் கேவலம். ஈயத்துக்காகவே உண்டான ஊரில், வாசற்படியிலிருந்து பார்த்தால் சுரங்கக் குன்று தெரிகிற வீட்டில், ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி இடாஹோவிலிருந்து நாற்பது பவுண்டு ஈயத்தைத் தபாலில் தருவித்தான். தபால்காரி அதை வண்டியிலிருந்து இறக்க முடியாமல் ஹாரன் அடித்தாள்.

"என்னாது இது, வெர்லினு, செங்கல்லா?"

"ஈயம்."

தபால்காரி குன்றைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "அங்க தீந்துபோச்சாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது போதாதென்று டயர் கடையில் போய் இரண்டு வாளி எடைத்துண்டு வாங்கினான். சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் அடிப்பார்களே, அந்தத் துண்டுகள். முன்காலத்தில் அவை அத்தனையும் ஈயம். டயர் கடைக்காரர்கள் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். இப்போது பாதிக்கு மேல் துத்தநாகமும் இரும்பும். கடைக்காரன் வாளிக்கு நாற்பத்தைந்து டாலர் வாங்கிக்கொண்டு, அவன் போகும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

ஹோமர் இதற்கும் புத்தி சொன்னான். அன்று வழக்கத்துக்கு மாறாக இருபது இருபத்தைந்து வார்த்தை பேசினான்.

"ஒவ்வொண்ணா கட்டிங் பிளேயர்ல கடிச்சுப் பாரு. ஈயம்னா பதியும். துத்தநாகம்னா வழுக்கும். துத்தநாகம் ஒண்ணு உள்ள போனாலும் சட்டியே போச்சு. சூட்டக் கம்மியா வெச்சா அது உருகாம மேல மிதக்கும், எடுத்துப் போட்டுறலாம்."

"நான் டெக்ளூ வீட்டுப் பையன், ஹோமர். கையில எடுத்தாலே ஈயமா இல்லையான்னு சொல்லிருவேன்."

ஹோமர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

செப்டம்பர் பிறப்பதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, பல் டாக்டரிடமிருந்து போன் வந்தது. அடுத்த வார வியாழன் அளவெடுக்க வர வேண்டும், பல் செய்துவர மூன்று வாரம் ஆகும், தள்ளிப்போட்டால் நவம்பரில்தான் இடம் இருக்கிறது, வரும்போது தொள்ளாயிரத்து ஐம்பது டாலர் கொண்டுவர வேண்டும். நோரீன் மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் வங்கிக்குப் போனாள். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்து, "முந்நூத்திப் பன்னெண்டு இருக்குங்க" என்றாள். நோரீன் தன் பெயரை இன்னொரு தடவை சொன்னாள். அந்தப் பெண் இன்னொரு தடவை பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வெர்லின் கார் நிறுத்தும் கொட்டகையில் உலைக்கு இடம் ஒழித்துக்கொண்டிருந்தான்.

"எழுநூத்தி எட்டு டாலர் எங்க, வெர்லின்?"

அவன் நிமிரவில்லை. "எங்கயும் போகல. பொருளா இருக்கு."

"என் பல்லு இப்ப பொருளா இருக்கா?"

"நான் சொல்றதக் கேளு நோரீன். சனிக்கிழம சங்கத்துல மீன் விருந்து இருக்கு. ஊர்ல ஒருத்தன் கையிலயும் குண்டு இல்ல. அதுக்குள்ள ஆயிரம் வார்த்துருவேன். பாத்தா அடிச்சுக்கிட்டு வருவானுங்க."

"நீயே குண்டுக்கு அழுதுக்கிட்டிருந்த. இப்ப ஊருக்கு சப்ளையா?"

"வர்ற வசந்தத்துக்குள்ள போட்டதெல்லாம் திரும்பிரும்."

"எனக்கு அக்டோபர்ல வேல, கண்ணு. வசந்தம் வரைக்கும் வர்றவங்ககிட்ட வாயப் பொத்திக்கிட்டு பேசட்டுமா?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. அவனிடம் எதற்கும் பதில் இருக்கும். "ஒரு பல்லுதான நோரீன். மீதியெல்லாம் நல்லா இருக்கே" என்றான்.

நோரீனின் அப்பாவும் சுரங்கக்காரர்தான். இருபத்தாறு வருடம் வேலைக்குப் போனவர், ஒருநாள்கூட அந்தத் துணியோடு வீட்டுக்குள் வந்ததில்லை. பின்வாசலில் குழாயடியில் கழற்றிப்போட்டுக் குளித்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் தொடுவார். அந்த மனிதரின் மகள், கொட்டகையில் ஈயச் சட்டிக்கு முன் அரைக்கால் சட்டையோடு நிற்கும் இந்த ஆளை அன்று ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே போய்ச் சோறு தின்றாள், அவனுக்கு எடுத்துவைக்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் வெர்லின் வார்த்தான். வாளித் துண்டுகளைக் கையில் எடுத்து எடை பார்ப்பது போல இரண்டு மூன்றைக் குலுக்கினான். பிறகு பொறுமை போய், அப்படியே சட்டியில் கொட்டினான். சீக்கிரம் உருகட்டும் என்று சூட்டை முழுதாகத் திருகினான். மிதந்து தப்பியிருக்க வேண்டிய துத்தநாகம் அத்தனையும் சமர்த்தாக உருகி உள்ளே கலந்தது. சற்று நேரத்தில் சட்டிக்குள் ஈயம் ஓட்ஸ் கஞ்சி போலத் திரித்திரியாகக் கட்டிக்கொண்டது. அச்சில் ஊற்றினால் ஓரம் நிறையவில்லை. விழுந்த குண்டுகள் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி சுருங்கிக் கிடந்தன.

சட்டியில் இருப்பது கெட்டுவிட்டது என்று வேறு எவனாக இருந்தாலும் நிறுத்தியிருப்பான். டெக்ளூ வீட்டுப் பையன் நிறுத்தவில்லை. நல்ல ஈயம் சேர்த்தால் சரியாகிவிடும் என்று இடாஹோவிலிருந்து வந்த நாற்பது பவுண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போட்டுக் கலந்தான். கெட்டதும் கெட்டது, நல்லதும் கெட்டது. வெள்ளிக்கிழமை மாலை கணக்குக்கு முந்நூறு குண்டு தேறியது. "மேல மட்டும் கொஞ்சம் சுருக்கம்" என்றான்.

நோரீன் மனதுக்குள் கணக்குப் போட்டாள். எழுநூற்று எட்டை முந்நூறால் வகுத்தால், ஒரு குண்டுக்கு இரண்டு டாலர் முப்பத்தாறு சென்ட். போட்டுச் சுடத் தயாராக இருக்கும் முழுத் தோட்டாவே கடையில் எழுபது சென்ட்தான்.

"சரி, இத நாளைக்குச் சுட்டுக் காட்டுவியா?"

வெர்லின் கையுறையைக் கழற்றினான். "மருந்தப் பத்த வைக்க அடியில வைக்கிற பிரைமர் தீந்துபோச்சு. கடையில எங்கயும் இல்ல. வரும்."

நோரீன் வண்டிச் சாவியை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள். "இதையெல்லாம் வண்டியில ஏத்து" என்றாள் பிறகு.

"குண்டையா?"

"எல்லாத்தையும்."

சனிக்கிழமை சங்கத்து மைதானத்தில் கெளுத்தி மீன் பொரிந்துகொண்டிருந்தது. வெர்லின் ஒரு மேசையில் தன் குண்டுகளைக் காபி டப்பாவில் வைத்துக் காத்திருந்தான். ஹோமர் வந்தான். ஒன்றை எடுத்து மேசையில் உருட்டினான். அது கோணிக்கொண்டு ஓடி விளிம்பில் நின்றது. நகத்தால் கீறினான், பதியவில்லை.

"துத்தநாகம்" என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீன் பொரித்துக்கொண்டிருந்தவன் அங்கிருந்தே, "வெர்லினு, கையில எடுத்தாலே சொல்லிருவேன்னியாமே, கையில எடுத்தியா இல்லையா?" என்றான். வெர்லின் டயர் கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தான். இடாஹோக்காரனையும் திட்டினான். ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நோரீன் வண்டியின் பின்கதவை இறக்கி, உலை, இரண்டு அச்சு, பிடி, வளையம், பிரிக்காத தெர்மாமீட்டர், எழுபத்தைந்து டாலர் கருவி எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினாள். பக்கத்தில் அவன் பழைய பிரஸ், மூவாயிரம் பித்தளைக் கூடு.

"நோரீன், பிரஸ் என்னுது" என்றான் வெர்லின், தாழ்ந்த குரலில்.

"பல்லு என்னுது" என்றாள் நோரீன். அன்றுதான் வாயை மறைக்காமல் பேசினாள். அவ்வளவு பேருக்கு நடுவில் இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. வெர்லின் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

முதலில் வந்தவர் வெண்டல் கிண்டர், உயர்நிலைப் பள்ளியில் மரவேலை வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்நூறு தருகிறேன் என்றார். அவர் பின்னால் நின்ற இன்னொருவன் ஐந்நூற்றைம்பது என்றான். நோரீன் கையைத் தூக்கி இருவரையும் நிறுத்தினாள்.

"மொதல்ல கேளுங்க. ஏமாத்தி விக்க நான் வரல. உல துத்தநாகம் பட்டது, நல்லா சொரண்டிக் கழுவணும். ஒரு அச்சு சின்னது. பிரைமர் ஊர்லயே இல்ல. ஈயம் தனியா வாங்கணும். ஒரு குண்டு எங்களுக்கு ரெண்டு டாலர் முப்பத்தாறு சென்ட் ஆச்சு. அதோ டப்பாவுல இருக்கு, பாத்துட்டு வாங்குங்க."

வெண்டல் டப்பாப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பார்வை எங்கேயோ வானத்தில் இருந்தது; உதடு மட்டும் அசைந்தது. "பிரஸ்ஸும் இருக்கு, கூடும் இருக்கு. குண்டு மட்டும் வார்த்தா போதும்" என்று முணுமுணுத்தார். படித்தவர், முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அளவுகோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். "ஹோமருக்கு நாலு சென்ட்தான் ஆகுதாம்மா. அறுநூத்தியம்பது தர்றேன்."

நோரீன் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். இன்னொருவன் அறுநூற்று அறுபது என்பதற்கு வாயெடுத்தான், வெண்டல் அவனை முறைத்தபடி காசை எண்ணி நீட்டினார். சொன்னது சொல்லியாகிவிட்டது. நோரீன் வாங்கிக்கொண்டாள்.

வெண்டலுக்கு முதுகு வலி. சாமான்களை அவர் வண்டியில் ஏற்றியது வெர்லின்தான். ஏற்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்தான். ஐந்து நிமிடத்தில் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"வாத்தியார், ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. டயர் கடத் துண்டு வாங்கினா ஒவ்வொண்ணா பிளேயர்ல கடிச்சுப் பாக்கணும். நெறையப் பேரு அத செய்யறதில்ல. சூட்ட ஏத்தவே கூடாது. சந்தேகம்னா எனக்கு போன் போடுங்க."

"ரொம்ப நன்றி வெர்லின்" என்றார் வெண்டல், மரியாதையாக.

வியாழக்கிழமை டாக்டர் உடைந்த பல்லைச் சீவி, அளவெடுத்து, தற்காலிகமாக ஒரு பல்லை ஒட்டி அனுப்பினார். நோரீனுக்கு மூக்கு முதல் தாடைவரை மரத்துக் கிடந்தது; வாய்க்குள் பஞ்சு. வெர்லின் வண்டியை ஓட்டினான். ஐந்து நிமிடம் பேசாமல் வந்தான். அவனுக்கு அதுவே பெரிய விஷயம்.

"ஏன் நோரீன், அந்தப் பல்லு எடை ஒரு அஞ்சு சென்ட் காசு கூட இருக்காது. வெறும் பீங்கான். அதுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரமா?" சாலையைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். "அளவு அவரு எடுத்துட்டாரு. மீதி என்ன, சுட்டு எடுக்கணும். அந்த மாதிரி சின்னச் சூளை ஒண்ணு என்ன வெல இருக்கும்கிற?"

நோரீனால் வாயைத் திறக்க முடியவில்லை. கையை நீட்டி, இடப்பக்கம் திருப்பு என்று காட்டினாள். திருப்பினான். இன்னும் கொஞ்ச தூரம் போய், அதோ நிறுத்து என்று விரலால் கண்ணாடியைத் தட்டினாள்.

"வங்கிக்கா? இங்க எதுக்கு இப்ப?"

அவள் இறங்கினாள். பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். கவுன்டரில் அதே பெண்தான் இருந்தாள். நோரீன் பேச முயன்றாள், குழறியது. அங்கே கிடந்த தாளை இழுத்து எழுதிக் கொடுத்தாள்: புதுக் கணக்கு. ஒரு பெயர் போதும்.